மாங்குளத்தில் நண்பகல் எத்தனை மணிக்கு?

வவுனியாவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் யன்னலோர இருக்கை கிடைத்தால் கையில் புத்தகம் தேவையில்லை. ஓமந்தை தாண்டியதும் காடு இருபக்கமும் நெருங்கி வருகிறது. பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நிற்கும் வறண்ட நிலத்துக் காடு. இடையிடையே காலபோக அறுவடை முடிந்த வயல்கள், வைக்கோல் கும்பிகள், வரம்பில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள். மார்ச் மாதத்து வெயில் காலை எட்டு மணிக்கே சுடத் தொடங்கிவிட்டது. 1990க்குப் பிறகு உள்நாட்டுப் போரால் நெடுங்காலம் இந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுக் காவலரண்களுக்குப் போயின. கிளிநொச்சி வரை மறுபடி ரயில் வந்தது 2013 செப்ரெம்பரில். யாழ்ப்பாணம் வரை போனது அடுத்த ஆண்டு ஒக்ரோபரில்.

மாங்குளம் வன்னியில் ஒரு சந்தி. வடக்குத் தெற்காகக் கண்டி வீதி போகிறது. கிழக்கே ஒலுமடு, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கமும் வீதிகள் பிரிகின்றன. பெரும்பாலானோர் இங்கே இறங்குவதில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் இன்னும் கொஞ்சத் தூரம் போய் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். நான் இறங்கியது இந்தப் பக்கத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஒரு ரீச்சருக்காக. தரம் 4, 5 பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் வெளியே கூட்டிப்போய் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இலங்கையின் ஆரம்ப வகுப்புகளில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. பெயரில் சுற்றாடலும் உண்டு, செயற்பாடும் உண்டு. நடைமுறையில் அது பல இடங்களில் படம் பார்த்துப் பெயர் எழுதும் பாடமாகச் சுருங்கிப்போனது. ரீச்சர் அதைப் பெயருக்கு ஏற்றபடி நடத்துகிறார். அவ்வளவுதான், அதிசயம் ஒன்றுமில்லை.

குளக்கட்டுக்குக் கீழே, துருசிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் இடத்தில் பிள்ளைகள் நின்றார்கள். குளத்துக்குள் யாரும் இறங்கக் கூடாது. வன்னிக் குளங்களில் முதலை உண்டு. வாய்க்காலிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்துக்குப் போகக் கூடாது. ஒரு பிள்ளையின் தகப்பன் நீளத் தடியோடு முன்னால் நடந்து, புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை விட்டார். பழைய நுளம்பு வலையை வெட்டி, கம்பி வளையத்தில் தைத்து, கட்டைத் தடியில் கட்டிய கைவலை ஆளுக்கொன்று. பக்கத்தில் வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டிகள். பெட்டி வெள்ளையாக இருந்தால்தான் சின்னப் பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும். வலையால் ஓரப் புல்லடியை ஒரு தரம் இழுத்து, பெட்டியில் தலைகீழாகத் தட்டி, தண்ணீர் ஊற்றிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். முதலில் சேறு மட்டும்தான் தெரியும். ஒரு நிமிடத்தில் சேறு அடங்கும், உயிர்கள் அசையத் தொடங்கும்.

நத்தை, கூனி இறால், வாலோடு திரியும் தவளைக் குஞ்சு, நுளம்புக் குடம்பி. ஒரு சிறுமியின் பெட்டியில் மட்டும் மண்ணிறத்தில் அவலட்சணமான ஆறுகால் பூச்சி ஒன்று அடியோடு ஒட்டிக் கிடந்தது. இலைத்துண்டு என்று எறியப் போனாள். ரீச்சர் தடுத்து, “கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கோ பிள்ளை” என்றார். நாங்களும் குனிந்தோம். நெளிந்து நெளிந்து கீழே வந்த குடம்பி ஒன்று அதன் தலைக்கு நேரே வந்ததும், பூச்சியின் முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த கீழுதடு நீண்டு பாய்ந்து, அதைக் கவ்வி இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. கண் சிமிட்டினால் தவறிப்போயிருக்கும். அது தும்பியின் அணங்குப் பருவம். தும்பி வளரும் வரை இப்படித் தண்ணீருக்கு அடியில்தான் சீவிக்கும். பிறகு ஒரு நாள் புல்லில் ஏறித் தோலை உரித்துவிட்டுப் பறக்கும். எறியப் போன சிறுமி அந்தப் பெட்டியை அதன் பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை.

“ரீச்சர், இது சரிஞ்சு தொங்குது, அது நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடக்குது. ரெண்டும் ஒரே நுளம்பா?” என்று இன்னொருவன் கேட்டான். நான் இந்தப் பயணத்தில் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. இரண்டும் ஒன்றல்ல. வால்நுனிக் குழாயால் மூச்சு வாங்கிக்கொண்டு மேற்பரப்பிலிருந்து சாய்ந்து தொங்குவது சாதாரண வீட்டு நுளம்பு இனம். குழாய் இல்லாமல் மேற்பரப்போடு ஒட்டிக் கிடையாகக் கிடப்பது அனோபிலிஸ், மலேரியாவைக் காவும் இனம். இந்த மண்ணில் மலேரியா என்றால் என்ன என்று பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமாருக்குத் தெரியும். வன்னிக்குக் குடியேற வந்தவர்களைக் காட்டு மிருகங்களை விட அதிகம் விரட்டியது அந்தக் காய்ச்சல்தான். இலங்கையின் கடைசிச் சுதேச மலேரியா நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் போய்விட்டது, நுளம்பு போகவில்லை. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு ஒருவர் வந்து இறங்கினால் காவிச் செல்ல அது இன்னும் வாய்க்காலோரம் கிடக்கிறது. பத்து வயதுப் பையன் ஒருவன் கிடையாகக் கிடக்கும் குடம்பியையும் சாய்ந்து தொங்கும் குடம்பியையும் வேறு பிரித்துப் பார்க்கிறான் என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவருக்கு அவசியமான கண் அவனுக்கு இப்போதே வாய்த்துவிட்டது. இதற்கு நுணுக்குக்காட்டி வேண்டியிருக்கவில்லை.

வாய்க்காலிலிருந்து திரும்பும்போது பாடசாலைச் சுவரோரம் வரிசையாகச் சிரட்டைகள் இருந்தன. உள்ளே யானை விட்டை. இரவில் தோட்டங்களுக்குள் வந்துபோகும் யானைகள் விட்டதை அள்ளி, மண்ணோடு கலந்து தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். என்ன முளைக்கிறது என்று பார்க்கிற வேலை. புளி முளைத்திருந்தது. விளாத்தியாக இருக்கலாம் என்று ரீச்சர் சந்தேகப்பட்ட ஒரு கன்றும் நின்றது. யானையைப் பற்றி இந்தப் பிள்ளைகள் கேட்பதெல்லாம் வாழையை முறித்த கதையும் ஆளை அடித்த கதையும்தான். இரண்டும் உண்மை. பயிர் இழந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் யானையை நேசி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தங்கள் காட்டை நட்டுக்கொண்டு நடக்கிற மிருகமும் அதுவே என்பதைச் சிரட்டைக்குள் கண்ட பிள்ளைக்கு யானை பற்றித் தெரிந்தது ஒன்று கூடியிருக்கிறது.

இப்படிப் படிப்பிப்பதற்கு ஒரு பரம்பரை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எத்தனையோ பாடசாலைகளில் ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு கண்ணாடிக் குழாய்கூட மிஞ்சவில்லை. அந்த ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948இல் ஒரு சிறு நூல் வெளியிட்டது. போரால் அழிந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு யோசனைகள் என்பதே அதன் பொருள். இலண்டனில் ஆசிரியராக இருந்த ஜே. பி. ஸ்ரீபன்சன் எழுதியது. தகரப்பேணி, போத்தல், மெழுகுதிரி, கம்பி ஆகியவற்றைக் கொண்டு உபகரணம் செய்யும் வழிகள் அதில் இருந்தன. அதுவே வளர்ந்து 1956இல் யுனெஸ்கோவின் அறிவியல் கற்பித்தல் மூலநூலாக வந்து, பல மொழிகளுக்குப் போனது. இந்தியாவில் 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பாடசாலைகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இதே பாதையில் நடந்தது. பிள்ளைகள் செய்து பார்த்து எழுதினார்கள். மனப்பாடப் பரீட்சை இல்லை. முப்பது ஆண்டுகள் ஓடிப் பின்னர் ஏறத்தாழ ஆயிரம் பாடசாலைகளுக்குப் பரவியிருந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அங்கே வந்து பழகிய பொறியியலாளர் அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் ரியூப்பும் கொண்டு கேத்திரகணிதம் சொல்லித் தந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழைப் பிள்ளைகளுக்காக நடத்துகிறது. இவை எல்லாம் இல்லாமையிலிருந்து பிறந்தவை. ஆகவே வன்னியில் ஆய்வுகூடம் இல்லை, அதனால் அறிவியல் இல்லை என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆய்வுகூடம் வேண்டும், அதைக் கேட்டுப் பெற வேண்டும். வரும் வரை வாய்க்கால் காத்திருக்காது.

ஆனால் வன்னியில் வேறொரு தடை இருந்தது. அது வேறெங்கும் எளிதில் விளங்காது. 2008 நொவெம்பரில் போரால் இந்தச் சந்தியை விட்டு ஓடிய சனம், முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, காணி எல்லைகளில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. ‘மிதிவெடி, கவனம்’. அக்காலப் பிள்ளைகளுக்கு நிலத்தைப் பற்றி முதலில் சொல்லித் தரப்பட்ட பாடம் அதுதான்: நடைபாதையை விட்டு இறங்காதே, தெரியாத பொருளைத் தொடாதே, விறகுக்குப் போனால் போன தடத்திலேயே திரும்பு. அந்தப் பாடம் எத்தனையோ பிள்ளைகளின் காலைக் காப்பாற்றியது. கண்ணிவெடி அகற்றுவோர், அவர்களில் வன்னிப் பெண்கள் பலர், குந்தியிருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி நிலத்தை விடுவித்தார்கள். 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. இருந்தும், தொடாதே, இறங்காதே என்று வளர்ந்தவர்கள்தான் இன்றைய பெற்றோர். தங்கள் பிள்ளை வாய்க்காலோரம் புல்லை விலக்கிப் பார்ப்பதைக் கண்டால் அவர்களின் நெஞ்சு ஒரு கணம் அடித்துக்கொள்கிறது. ரீச்சர் ஒவ்வொரு முறையும் இடத்தை முன்கூட்டிச் சொல்லி, கிராம அலுவலரிடமும் கேட்டு, பெற்றோரில் இருவரையாவது கூடவே கூட்டிவருவதற்குக் காரணம் அதுதான். அவர் செய்வதில் எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது இந்த ஒழுங்கு. பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர் மண்ணை, பாதுகாப்பாக, பிடிபிடியாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

மதியம் மைதானத்தில் தடி நட்டார்கள். சம இரவு நாளை ஒட்டிய சனிக்கிழமை அது. மார்ச் 20, 21 அளவில் சூரியன் பூமத்திய கோட்டுக்கு நேர்மேலே நிற்கும். தடி மண்ணுக்கு மேல் சரியாக ஒரு மீற்றர். ஒரு பையனின் தகப்பன் மேசன். அவரது தூக்குக்குண்டை இரவல் வாங்கி வந்து தடி நேரே நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்கள். தடியின் உச்சியில் ஒரு அட்டைத்துண்டு, நடுவில் ஊசித்துளை. இந்த அட்டை முக்கியம். சூரியன் ஒரு புள்ளியல்ல. வானத்தில் அரைப்பாகை அகலமான தட்டு. அதனால் வெறும் தடியின் நிழல்நுனி மங்கலாக முடியும், எங்கே அளப்பது என்று சண்டை வரும். ஊசித்துளை வழியாக வரும் ஒளி நிலத்தில் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வட்டமாக விழும். அந்த வட்டம் சூரியனின் படம். அதன் நடுவை அளந்தால் போதும்.

இந்த விளக்கத்தைக் கேட்டதும் ஒரு பிள்ளை வேப்பமர நிழலுக்கு ஓடிப்போய், இலைகளுக்கு நடுவால் விழும் ஒளிப்பொட்டுகளைக் காட்டி, “அப்ப இதெல்லாம் சூரியனா ரீச்சர்?” என்றாள். ஆம், அவ்வளவும் சூரியன்தான். 2010 ஜனவரி 15இலும் 2019 டிசெம்பர் 26இலும் வடக்கில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது மரநிழல் முழுக்க இந்தப் பொட்டுகள் வளையல்களாக மாறிக் கிடந்தன. கிரகணம் என்று வீட்டுக்குள் பிள்ளைகளைப் பூட்டி வைத்தவர்கள் அதைக் காணவில்லை.

பதினொன்றரை மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒளிவட்டத்தின் நடுவில் ஆணி குத்தினார்கள். தொலைபேசியில் நேரம் பார்த்து ஒருவன் கூவ, ஒருத்தி குத்த, இன்னொருவன் கொப்பியில் எழுத. நிழல் குறுகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு அடித்ததும் எல்லாரும் நிமிர்ந்தார்கள், வேலை முடிந்தது என்று. சரியாகப் பன்னிரண்டுக்கு நிழல் மிகக் குறுகும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, “குத்துங்கோ, நிப்பாட்டாதேங்கோ” என்றார். 12:05இலும் நிழல் குறுகியது. 12:10இலும். 12:15 அளவில்தான் மிகக் குறுகி, பிறகு நீளத் தொடங்கியது. கடிகாரம் பிழையா, சூரியன் பிழையா என்று பெரிய தர்க்கம் நடந்தது. ஒருவன் தொலைபேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிழை எதுவும் இல்லை. இலங்கையின் நேரம் கிழக்குத் தீர்க்கக்கோடு 82½ பாகையை வைத்துக் கணிக்கப்படுவது. அந்தக் கோடு தீவைத் தொடவே இல்லை, கிழக்கே கடலில் போகிறது. மாங்குளம் அதிலிருந்து இரண்டு பாகைக்குச் சற்று அதிகமாக மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வர எட்டு நிமிடம் கூடுதலாக எடுக்கிறது. இந்த எட்டை மட்டும் ரீச்சர் பூமியுருண்டையை வைத்து விளக்கினார். மீதி ஏழு நிமிடத்துக்குக் காரணம் வேறு.

மிகக் குறுகிய நிழல் 16 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. தரம் 5க்குத் திரிகோண கணிதம் தெரியாது, தேவையும் இல்லை. கொப்பியில் தடியை 20 சென்ரிமீற்றராகவும் நிழலை அதே அளவுத்திட்டத்தில் 3 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடவும் வரைந்து, முக்கோணத்தின் உச்சியில் பாகைமானியை வைத்தார்கள். ஒன்பது பாகை. பிறகு தேசப்படத்தை விரித்தார்கள். 9 பாகை அகலக்கோடு மாங்குளத்துக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. ஒரு தடியும் ஊசித்துளையும் கொண்டு தங்கள் ஊர் பூமியுருண்டையில் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரோ அச்சடித்துத் தந்த எண்ணைத் தங்கள் மைதானத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆணி குத்திய சிறுமி தேசப்படத்தில் அந்தக் கோட்டை விரலால் இந்தியப் பெருங்கடல் முழுக்க இழுத்துக்கொண்டு போனாள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இலங்கையின் நீளம் 432 கிலோமீற்றர் என்று சொல்லும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை. மனப்பாடம் செய்து, எழுதி, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும் எண் அது. இதே நாளில் இதே அளவுத் தடியைப் பருத்தித்துறையில் ஒரு வகுப்பு நட்டால் நிழல் 17 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். தெய்வேந்திரமுனையில் நட்டால் பத்தரைக்குக் கிட்ட. கோணங்களில் வித்தியாசம் 3.9 பாகை. முழு வட்டத்தில் அந்த 3.9 எத்தனை தரம் அடங்கும் என்று பார்த்து, 432ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீற்றருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பூமியின் சுற்றளவு அதுதான். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரத்தோஸ்தனிஸ் செய்தது இதையே. அரைச் சென்ரிமீற்றர் பிழைத்தால் விடை மூவாயிரம் கிலோமீற்றர் அளவு விலகும், ஆகவே கவனமாகத்தான் அளக்க வேண்டும். ஊசித்துளை அட்டையின் அருமை அப்போது தெரியும்.

பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிராமத்துப் பிள்ளை நகரத்து நல்ல பாடசாலைக்குப் போகக் கிடைத்த வழிகளில் அது ஒன்று. ஆனால் ஒன்பது வயதிலேயே மாலை ரியூசன், விடுமுறையில் ரியூசன், ஞாயிறும் மாதிரி வினாத்தாள் என்று போனால், 432 என்ற எண் பூமியைச் சுற்றி வர வாய்ப்பே இல்லை. அந்தச் சனிக்கிழமையும் தரம் 5 பிள்ளைகளில் பாதிப்பேர் வரவில்லை. ரியூசன் இருந்தது.

ரீச்சருக்கு இப்போது வேண்டியது இரண்டு வகுப்புகள். ஒன்று பருத்தித்துறைப் பக்கம், மற்றது மாத்தறைப் பக்கம். வடக்கில் ஆள் கிடைத்துவிடும். தெற்கில் தேடுகிறார். ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் மாங்குளத்துக்கு நேர் உச்சியில் சூரியன் வந்து, நண்பகலில் தடிக்கு நிழலே இல்லாமல் போகும். ஆனால் அது விடுமுறைக் காலம், பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் சோடாப் போத்தலை நிறுத்திப் பார்த்துக்கொள்வார்கள். மூன்று ஊர்களும் சேர்ந்து அளக்க வசதியான அடுத்த நாள் செப்ரெம்பர் 23, அடுத்த சம இரவு நாள். தேதி குறித்தாயிற்று.

அந்த நாளுக்காக அவர் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார். மார்ச்சில் கண்டதைக் கொண்டு பிள்ளைகள் தங்கள் கொப்பியில், மாங்குளத்தில் நண்பகல் 12:15க்கு, என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டார்கள். செப்ரெம்பரில் அது 12:15க்கு வராது. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்தது. அதனால் சூரியன் ஆண்டின் சில மாதங்களில் கடிகாரத்துக்குப் பிந்தியும் சில மாதங்களில் முந்தியும் வருகிறது. மார்ச்சில் ஏழு நிமிடம் பிந்துகிறது, செப்ரெம்பர் கடைசியில் ஏழு நிமிடத்துக்கு மேல் முந்துகிறது. அந்த நாளில் நிழல் பன்னிரண்டு மணி கழிந்து ஒரு நிமிடத்துக்குள் மிகக் குறுகிவிடும். இரட்டைக் கோட்டைப் பிள்ளைகள் தாங்களே வெட்டட்டும் என்று ரீச்சர் பொறுத்திருக்கிறார்.